பன்னிரண்டு நிமிடத் தாமதம்

அதிகாலை மூன்று பத்து.

நேர்ச் சாலை. இரண்டு பக்கமும் தண்ணீர் வற்றிய சேறு. மரம் இல்லை, வீடு இல்லை, விளக்குக் கம்பம் இல்லை. ஒரே ஒரு மோட்டார் சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. அதன் வெளிச்சம் விழுகிற இடம் வரைதான் சாலை... அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

அங்கே வண்டி லேசாக எழும்பியது. பின்பக்கம் பாரம் குறைந்தால் எழும்புமே, அப்படி.

கதையை அங்கிருந்து தொடங்கக் கூடாது. ஆனால் எனக்குச் சொன்னவன் எப்போதும் அங்கிருந்துதான் தொடங்குவான். அந்த மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வரைபடத்தில் சொட்டப் போகிறது. கரண்ட் வர இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். கிட்டே வந்து உட்காருங்கள், கத்திச் சொல்கிற கதை இல்லை இது.

நீங்கள் மூன்று பேரும் நாளை மறுநாள் கிளம்புகிறீர்கள். கப்பலைப் பிடிக்க வேண்டும். வழியில் தங்குவதாக இருந்த லாட்ஜைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறீர்கள். யார் அடித்தது என்று நான் கேட்கவில்லை. அடித்திருப்பதைப் பார்த்தேன். அதனால் சொல்கிறேன்.

என்னோடு பஸ் டிப்போவில் ஒரு எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தான். நடந்தது அவனுடைய அக்கா கணவருக்கு. அவரும் அதே டிப்போதான். டைம் கீப்பர்.

"பேய்க் கதையில டைம் கீப்பரா? பேய் லேட்டா வந்தா மெமோ கொடுப்பாரோ?"

சிரியுங்கள். நாங்களும் அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான்.

டிப்போ வாசலில் அவருக்கு ஒரு அறை. மேஜை போட்டால் நாற்காலியை இழுக்க இடமிருக்காது. கம்பி போட்ட ஜன்னல், சுவரில் கடிகாரம், கழுத்தில் விசில். பஸ் வெளியே போனால் நேரம் எழுதுவார். உள்ளே வந்தால் நேரம் எழுதுவார். நான்கு நிமிடம் தாமதமாக வந்த டிரைவர் ஜன்னலில் நின்று காரணம் சொல்லிக்கொண்டிருப்பான். இவர் தலை நிமிராமல் நான்கு என்று எழுதி முடித்திருப்பார். பத்தொன்பது வருடம். விசில் ஊதினால் வண்டி கிளம்பும். ஏற வேண்டியவர்கள் ஏறினார்களா, உட்கார்ந்தார்களா என்று பார்ப்பது கண்டக்டரின் வேலை. பின்னால் திரும்பிப் பார்க்கிற வேலை இவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

ஒருநாள் சாயங்காலம் மகளுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. நான்கு வயதுக் குழந்தை. மனைவி டிப்போவுக்குப் போன் செய்தாள். மாற்று ஆள் இன்னும் வரவில்லை, ஒன்பது இருபது வண்டியை அனுப்பிவிட்டு வருகிறேன் என்றார். அவள் தனியாகவே ஆட்டோ பிடித்துப் போனாள். குழந்தை பிழைத்தது. இவர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பத்தரை. போனதும் கேட்ட முதல் கேள்வி, எத்தனை மணிக்குச் சேர்த்தே?

அடுத்த மாதமே அவள் இடமாற்றம் வாங்கிக்கொண்டாள். ரத்தம் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. நாட்டின் மறுகோடிக்குப் போய், அங்கிருந்து மூன்று மணி நேரம் கப்பலில் போனால் ஒரு தீவு. அங்கே சின்ன ஆஸ்பத்திரி. யாரும் கேட்டு வாங்காத இடம். கேட்டு வாங்கினாள். குழந்தையோடு போய்விட்டாள்.

ஒன்றரை வருடம் போனில் பேசினார்கள். பேசினார்கள் என்றால்... இவர் மணி பார்த்துக் கூப்பிடுவார், அவள் குழந்தையிடம் கொடுத்துவிடுவாள்.

பிறகு ஒருநாள் அவள் தம்பியான எலக்ட்ரீஷியனிடம் சொன்னாள். இந்தப் பருவத்தின் கடைசிக் கப்பல் பதின்மூன்றாம் தேதி. அதற்கப்புறம் கடல் கொந்தளிப்பு, ஐந்து மாதம் கப்பல் கிடையாது. வருவதாக இருந்தால் அதில் வந்து அந்த ஐந்து மாதமும் எங்களோடு இருக்கட்டும். இல்லையென்றால் இனி வரவே வேண்டாம். இன்னொன்றும் சொன்னாள்.

"தனியா வந்தா நான் கரைக்கே வர மாட்டேன். சின்னவன் கூட வரட்டும். அவன் முகத்தைப் பாத்தா எனக்குக் கொஞ்சம் கோபம் குறையும்."

சின்னவன் என்பது கடைசித் தம்பி. எலக்ட்ரீஷியனுக்கு இளையவன், இருபத்து நான்கு வயது. தாய் இல்லாத வீட்டில் அவனைத் தூக்கி வளர்த்தது அக்காதான். பேட்டரி கடையில் வேலை. ஆசிட் பட்டுப் பட்டு அவன் சட்டையெல்லாம் ஓட்டை. கல்யாணத்துக்குக் கூட ஓட்டை இல்லாத சட்டை கிடைக்காது என்று அவனே சொல்லிக்கொள்வான்.

திட்டம் போட்டது பேட்டரி கடைக்கு மேலே இருந்த அறையில். தம்பிகள் இருவரும் தங்கியிருந்த அறை. இதே மாதிரிதான், தரையில் வரைபடத்தை விரித்து, நான்கு மூலையிலும் செத்த பேட்டரியை வைத்து. டைம் கீப்பர் வேலை முடிந்து வருவார். கையில் ஸ்கேல், இரண்டு வண்ணப் பேனா.

முதலில் பஸ்களைப் பார்த்தார். மூன்று இடத்தில் மாற வேண்டும். எப்படி மாற்றிப் போட்டாலும் கப்பல் நாற்பது நிமிடத்தில் கை நழுவியது. நாட்டில் இருக்கிற அத்தனை பஸ் நேரமும் மனப்பாடம் அவருக்கு. தன் பெண்டாட்டியிடம் போய்ச் சேர ஒரு பஸ் இல்லை.

மோட்டார் சைக்கிள் என்று முடிவானது. ஆயிரத்து எண்பது கிலோமீட்டர்.

சின்னவன் போட்ட திட்டம் இது: பதினோராம் தேதி மத்தியானம் கிளம்பலாம். அறுநூறாவது கிலோமீட்டரில் ஒரு லாட்ஜ். அங்கே படுத்துத் தூங்கி, பன்னிரண்டாம் தேதி மீதியை ஓட்டி, ராத்திரியே கரைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். காலையில் குளித்துவிட்டு மனுஷனாகக் கப்பல் ஏறலாம்.

டைம் கீப்பர் ஒப்புக்கொள்ளவில்லை. பன்னிரண்டாம் தேதி டிப்போவில் புதிய கால அட்டவணை ஒட்டுகிறார்கள். எட்டு மாதம் உட்கார்ந்து அவர் தயாரித்தது. ஒன்றரை ஆள் உயரப் பலகை. கீழ் மூலையில், தயாரித்தவர் என்று அவர் பெயர். அதை ஒட்டும்போது அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு ஒட்டுவார்கள். இரண்டரைக்குக் கிளம்பலாம் என்றார்.

லாட்ஜ் என்று எழுதியிருந்த இடத்தில் ஸ்கேலை வைத்து சிவப்புக் கோடு இழுத்தார்.

"ஒரு ராத்திரி படுத்துட்டுப் போனா என்ன அத்தான்? அக்கா ஓடியா போயிடப் போறா?"

"ஏற்கெனவே போனவதானேடா."

சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார் என்று எலக்ட்ரீஷியன் சொன்னான்.

தூங்காமல் பதினெட்டு மணி நேரம் எப்படி ஓட்டுவது? அதற்கும் அவரிடம் வழி இருந்தது. தூரத்து பஸ் எப்படி ஓடுகிறது? வண்டி நிற்பதில்லை, ஆள் மாறுகிறான். மூன்று மணி நேரம் ஒருவன் ஓட்டட்டும், அடுத்த மூன்று மணி நேரம் இன்னொருவன். ஓட்டாதவன் பின்னால் தூங்கட்டும். விழாமலிருக்க பஸ் மேலே சாமான் கட்டுகிற பட்டை. ஒரு முனை முன்னால் இருப்பவன் இடுப்பில் முடிச்சு. பின்னால் இருப்பவனைச் சுற்றி வந்து, மறு முனையில் இரும்புக் கொக்கி. அது முன்னால் இருப்பவனின் பெல்ட்டில் மாட்டும்.

டிப்போவில் டிரைவருக்குக் கொடுப்பது மாதிரி ஒரு தாள் தயாரித்தார். இருபத்திரண்டு இடங்கள். வர வேண்டிய நேரம், வந்த நேரம், ஓட்டியவன் கையெழுத்து. ஓட்டாதவன் பெயருக்கு நேரே, ஓய்வு.

"ஒண்ணுக்குப் போறதுக்கு எந்தக் கட்டம் அத்தான்?" என்று கேட்டான் சின்னவன்.

பெட்ரோல் போடுகிற நேரத்தில் என்றார். சிரிக்கவே இல்லை.

தப்பு அங்கேதான். டைம் கீப்பர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிய டிரைவரை அவர் வாசலைத் தாண்ட விடமாட்டார். அவ்வளவு கறார். ஆனால் பஸ் டிரைவருக்கு ஓய்வு என்று எழுதினால் அவன் போய்ப் படுக்க ஒரு கட்டில் இருக்கும். இங்கே ஓய்வு என்று எழுதிய இடம் ஒரு சாண் அகல இருக்கை, எண்பதில் ஓடுகிற வண்டியின் முதுகு. தாளில் பார்த்தால் சின்னவன் ஆறு மணி நேரம் தூங்கியிருந்தான். அவர் தாளைத்தான் பார்த்தார்.

தாளின் அடியில் ஒரு விதி எழுதியிருந்தார். பின்னால் உட்கார்பவன் கொக்கியை மாட்ட வேண்டும். முன்னால் இருப்பவன் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். நல்ல விதி.

பன்னிரண்டாம் தேதி அட்டவணையை ஒட்டினார்கள். மேனேஜர் வரவில்லை. பசை காய்வதற்குள் யாரோ ஒருவன் அதன் மேல் சாய்ந்துவிட்டான், மூன்று வரி கலைந்தது. டைம் கீப்பர் தலைக்கவசத்தை மாட்டினார். இரண்டு முப்பது. சரியாகக் கிளம்பினார்கள்.

இரவு பதினொன்றரை வரை ஒரு நிமிடம் பிசகவில்லை. பதினொன்றரைக்குச் சின்னவன் ஓட்டத் தொடங்கினான். அவனால் முடியவில்லை. இரண்டு முறை ஓரம் கட்டி முகம் கழுவினான். அதிகாலை இரண்டரைக்கு மாற வேண்டியவர்கள் இரண்டு நாற்பத்திரண்டுக்கு மாறினார்கள்.

பன்னிரண்டு நிமிடத் தாமதம்.

டைம் கீப்பர் முன்னால் ஏறினார். சின்னவன் பின்னால். தாளில் நேரம் எழுதி, டார்ச்சை அணைத்து, கியர் போட்டார்.

கொக்கியை அவன் மாட்டினானா?

தெரியாது. மாட்டியிருப்பான் என்று இவர் நினைத்தார். இவர் இழுத்துப் பார்ப்பார் என்று அவன் நினைத்திருக்கலாம். இழுத்துப் பார்க்க இரண்டு வினாடி ஆகும். இவர் ஏற்கெனவே பன்னிரண்டு நிமிடம் கடன்பட்டிருந்தார்.

இப்போது... மூன்று பத்து.

சேற்று வாடை. அழுகிய கயிறு மாதிரி ஒரு நாற்றம், காற்றில் உப்பு. சாலையில் ஒரு பள்ளம். வண்டி எழும்பி இறங்கியது. பின்னால் ஒரு சத்தம். ஈரச் சாக்கு மூட்டையைத் தரையில் போட்டால் வருகிற சத்தம் என்று அவரே சொன்னாராம். அதோடு இன்னும் ஏதோ... அதை மட்டும் அவர் விவரிக்கவில்லை.

"டேய்... மாப்ள" என்றார்.

காதுக்குப் பக்கத்தில் பதில் வந்தது. தலைக்கவசத்துக்கு உள்ளேயே சொன்ன மாதிரி.

"ஒண்ணுமில்ல அத்தான். போங்க."

முதுகில் பாரம் வந்து சாய்ந்தது. அவர் கைப்பிடியை முறுக்கினார்.

அதற்கப்புறம் ஒரு சத்தம் தொடங்கியது. கிண்... கிண்... கிண்... இரும்பு தரையில் படுகிற மாதிரி. வேகம் கூடினால் சத்தமும் நெருக்கமாகும். செயின் தளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். பெட்ரோல் போடும்போது பார்த்துக்கொள்ளலாம்.

முதுகு மட்டும் குளிர்ந்தது. நெஞ்சில் காற்று அடிக்கிறது, நெஞ்சு குளிரவில்லை. பின்னால் ஆள் சாய்ந்திருக்கிறான், முதுகு குளிர்கிறது. ஆசிட் வாடை அடித்தது. அது அவன் சட்டையில் எப்போதும் இருக்கிற வாடைதான். அதனால் அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்ததாம்.

மூன்று ஐம்பத்தைந்துக்கு ஒரு பெட்ரோல் பங்க். ஒரே ஒரு ஆள், போர்வையைப் போர்த்திக்கொண்டு எழுந்து வந்தான். டைம் கீப்பர் இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே டாங்க் மூடியைத் திறந்தார். செயினையும் பார்க்கவில்லை, வண்டி நின்றதும் சத்தமும் நின்றுவிட்டது. பங்க் ஆள் பெட்ரோல் போட்டான். பின்பக்கம் பார்த்தான். ஏதோ கேட்டுக்கொண்டு தலையாட்டினான். உள்ளே போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து பின்னால் நீட்டினான். டைம் கீப்பர் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். நான்கு நிமிடம் மீட்டிருந்தார்.

"நீங்க குடிக்கலையா?" என்று கேட்டான் பங்க் ஆள்.

வேண்டாம் என்று கிளம்பினார். கிண்... கிண்...

ஐந்தரைக்கு மாற வேண்டும். சின்னவன் முறை. ஓரம் கட்டி, இரண்டு காலையும் ஊன்றி, "மாப்ள, உன் டர்ன்" என்றார்.

"ஒண்ணுமில்ல அத்தான். போங்க."

அதே வார்த்தை. அதே இழுப்பு. வாய் ஓயாத பையன், ஒருநாளும் அவரிடம் இவ்வளவு பணிவாகப் பேசியதில்லை. அவருக்கு அது விசித்திரமாகப் படவில்லை. இறங்கி ஏறினால் மூன்று நிமிடம் போகும், இறங்காதது நல்லதுதான் என்று பட்டது. தாளை எடுத்தார். சின்னவன் பெயருக்கு நேரே இன்னொரு முறை எழுதினார். ஓய்வு.

என்ன, எல்லோரும் சும்மா இருக்கிறீர்கள்?

விடிந்த பிறகாவது திரும்பிப் பார்க்கவில்லையா என்று நான் எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். அவன் அதையே அவரிடம் கேட்டிருக்கிறான். முதுகில் பாரம் இருந்தது, எதற்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றாராம்.

எட்டு நாற்பது. கப்பல் துறை. பன்னிரண்டு நிமிடத்தையும் மீட்டுவிட்டார். தாளில் எழுதி, ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, இறங்குடா என்றார்.

யாரும் இறங்கவில்லை.

திரும்பினார். பின் இருக்கையில் சாலைத் தூசி சீராகப் படிந்திருந்தது. சலித்துத் தூவினது மாதிரி, ஒரே கனத்தில். ஆள் உட்கார்ந்த தடம் இல்லை. இடுப்பிலிருந்து பட்டை தொங்கித் தரையில் கிடந்தது. அதன் முனையில் கொக்கி, பாதி தேய்ந்து, கண்ணாடி மாதிரி பளபளவென்று. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தார்ச் சாலையில் உரசி வந்த இரும்பு. தொட்டார். சுட்டது.

கப்பல் ஒன்பதரைக்கு. ஐம்பது நிமிடம் இருந்தது.

போனை எடுத்துப் பார்த்தார். எலக்ட்ரீஷியனிடமிருந்து ஏழு அழைப்பு. திருப்பிக் கூப்பிட ஒரு நிமிடம் போதும். அவர் போனை அணைத்துப் பையில் போட்டார். பிறகு டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்குப் போய் வரிசையில் நின்றார். இரண்டு டிக்கெட் வாங்கினார். இன்னொருத்தர் எங்கே என்று கேட்டதற்கு, பின்னாடி வர்றான் என்றார்.

சின்னவன் இல்லாமல் போனால் அவள் கரைக்கே வரமாட்டாள். அது அவருக்குத் தெரியும். போய்ப் பயனில்லை. ஆனாலும் ஏறினார். ஏறுகிற பலகையை எடுக்கிறவரை இன்னொரு டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாராம். பிறகு கயிற்றை அவிழ்த்தார்கள். கப்பல் ஊதியது. அவர் பழக்கத்தில் மணியைப் பார்த்தார். ஒன்பது முப்பது.

இங்கே எலக்ட்ரீஷியனுக்குப் போலீஸ் போன் செய்தது காலை ஏழே முக்காலுக்கு. பால் வண்டிக்காரன் ஒருவன் விடிகிற நேரத்தில் பார்த்திருக்கிறான். சாலை ஓரம், பாதி உடம்பு சேற்றில். பர்ஸில் இருந்த லைசென்ஸை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தார்கள். போன் அவனுக்கு அடியில் நசுங்கி மூன்று துண்டாகக் கிடந்தது. உயிர் போய் நேரமாகிவிட்டது, மூன்று, மூன்றேகால் இருக்கலாம் என்று டாக்டர் எழுதினார்.

எலக்ட்ரீஷியன் போய்க் கையெழுத்துப் போட்டு உடம்பை வாங்கினான். கூடவே ஒரு பிளாஸ்டிக் பையும் கொடுத்தார்கள். பர்ஸ், ஒரு கால் செருப்பு, போன் துண்டுகள். அதோடு ஒரு எவர்சில்வர் டம்ளர். யாரும் எடுத்துப் போகாமலிருக்க அதன் அடியில் பெயின்டால் ஒரு பெட்ரோல் பங்கின் பெயர் எழுதியிருந்தது. அந்த பங்க், அவன் கிடந்த இடத்திலிருந்து நாற்பத்து நான்கு கிலோமீட்டர் தாண்டி இருக்கிறது. வண்டி அங்கே போவதற்கு முக்கால் மணி நேரத்துக்கு முன்பே அவன் விழுந்துவிட்டான்.

பங்க் ஆளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். இரண்டு பேர் வந்தார்கள் என்றான். பின்னால் இருந்தவர் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன், டம்ளரைத் தராமலே போய்விட்டார்கள் என்றான். அவர் எப்படி இருந்தார் என்றதற்கு, ரொம்பக் களைத்துப் போயிருந்தார் என்றான். போலீஸ்காரர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

அந்த டம்ளர் எலக்ட்ரீஷியன் அறையில் இருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன். அவன் அதில் குடிப்பதில்லை, தூக்கிப் போடவும் இல்லை.

அக்காவுக்கு அவன் எட்டு மணிக்கே போன் செய்து சொல்லியிருந்தான். அழுவாள் என்று நினைத்தான். அவள் அழவில்லை. விழுந்தது எத்தனை மணிக்கு என்று கேட்டாள். சொன்னான். நேரத்தை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். பிறகு, அவர் கப்பல் ஏறுவாரா என்று கேட்டாள். ஏறமாட்டார் அக்கா, திரும்பி வந்துவிடுவார் என்றான் இவன்.

ஏறுவார், என்றாள். போனை வைத்துவிட்டாள்.

குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கரைக்குப் போனாள். கப்பல் பன்னிரண்டரைக்கு வந்தது. சாமான், கூடை, ஜனம் எல்லாம் இறங்கின பிறகு அவர் கடைசியாக இறங்கினார். கையில் பை, இரண்டு டிக்கெட், அந்தத் தாள். வெயில் உச்சியில் இருந்தது. அவள் நிழலில் நிற்காமல் பலகைக்கு நேர் எதிரே நின்றாள்.

அவர் அவளுக்கு முன்னால் வந்து நின்றார். வந்துட்டேன் என்றார்.

அவள் அவருக்குப் பின்னால் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சத்தம் போடாமல் கேட்டாள்.

"மூணு மணிக்கே உயிர் போயிடுச்சுன்னு போலீஸ் சொல்லுது. நாலரைக்கு அவன் எனக்குப் போன் பண்ணினான். 'நிறுத்தச் சொல்லுக்கா, எவ்வளவு கத்தினாலும் அத்தான் நிறுத்த மாட்டேங்கிறாரு'ன்னு அழுதான். அது எப்படின்னு நான் உங்ககிட்ட கேக்கல. அவன் விழுந்தப்ப கத்தினது உங்களுக்குக் கேட்டுச்சா, இல்லையா?"